வாட்ஸ்அப் நின்னா நம்ம பேச்சும் நிக்கணுமா?
பழைய திறந்த நெறிமுறைகளும் இன்றைய சாட் தளங்களும்: ஓர் எளிய பாடம்

கொய்யா காத்திருக்காத பழம். ஆயக்குடிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். காலையில் பறித்ததைச் சீக்கிரம் விற்றாக வேண்டும். இன்றைக்கு என்ன விலை, எத்தனை பெட்டி வேண்டும், வண்டி எத்தனை மணிக்கு வரும் என்ற பேச்செல்லாம் இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் அப்படித்தான். ஆயக்குடியில் நடக்கும் இலவச டிஎன்பிஎஸ்சி பயிற்சி வகுப்புகள் மாவட்டம் தாண்டியும் தெரிந்தவை. இப்படிப் படிக்கிற பலருக்கு வாட்ஸ்அப், டெலிகிராம் குரூப்தான் நோட்டீஸ் போர்டு; பாடக் குறிப்பும் அங்கேதான், மாதிரி வினாத்தாளும் அங்கேதான்.

சரி, அந்த ஒரு செயலி திடீரென்று நின்றுபோனால்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. 2022 அக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள். மதியம் 12.30 மணி வாக்கில் வாட்ஸ்அப் நின்றது. சுமார் இரண்டு மணி நேரம் மெசேஜ் போகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2021 அக்டோபர் 4 அன்று, பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து உலகம் முழுக்க சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. பலர் போனை ஆஃப் செய்து ஆன் செய்தார்கள். நெட் பேக் தீர்ந்துவிட்டதோ என்று பார்த்தார்கள். பிரச்சினை நம் போனில் இல்லை. ஒரே ஒரு நிறுவனத்தின் கணினிகளில் இருந்தது.

அந்த நேரத்தில் எஸ்எம்எஸ் போனது. போன் கால் போனது. இமெயில் போனது. இவையும் தகவல்தொடர்புதானே, இவை மட்டும் ஏன் சேர்ந்து நிற்கவில்லை? இந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பாடம். கடைசியில், உங்கள் போனில் இன்றே செய்துகொள்ள வேண்டிய சில வேலைகளும் இருக்கின்றன.

நெறிமுறை என்றால் என்ன?

இரண்டு கணினிகள் பேசிக்கொள்ள ஒரு விதி வேண்டும். "முதலில் முகவரி சொல், பிறகு செய்தியைக் கொடு, கிடைத்ததும் கிடைத்தது என்று சொல்" என்பது மாதிரியான விதிகளின் தொகுப்புதான் நெறிமுறை. ஆங்கிலத்தில் புரோட்டோகால் என்பார்கள்.

அந்த விதியை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் அதன்படி செயலி எழுதலாம், சர்வர் நடத்தலாம் என்று விட்டுவிட்டால் அது திறந்த நெறிமுறை. இமெயில் அப்படிப்பட்டது. உங்களுக்கு ஜிமெயில், உங்கள் அண்ணனுக்கு யாகூ, அலுவலகத்துக்கு வேறொன்று. இருந்தாலும் கடிதம் போகும், வரும்.

விதி ஒரு நிறுவனத்துக்குள்ளேயே இருந்து, அந்த நிறுவனத்தின் செயலியும் அதன் சர்வரும் மட்டுமே பேசிக்கொண்டால் அது மூடிய தளம். வாட்ஸ்அப்பில் இருந்து டெலிகிராமுக்கு ஒரு "வணக்கம்" அனுப்பிப் பாருங்க. போகாது.

இன்னொரு உதாரணம், தினமும் கையில் வைத்திருப்பது. சந்தைக் கடையில் போன்பே கியூஆர் அட்டை மாட்டியிருக்கிறது. உங்கள் போனில் இருப்பது ஜிபே. ஆனாலும் காசு போய்ச் சேர்கிறது. 2016-ல் வந்த யுபிஐ முறையில் எல்லா வங்கிகளுக்கும் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான விதி இருக்கிறது. அதை என்பிசிஐ என்ற ஒரே அமைப்புதான் நடத்துகிறது. அந்த வகையில் இமெயில் அளவுக்கு அது திறந்தது இல்லை. ஆனால், "நீங்களும் என் செயலியைப் போட்டால்தான் காசு வாங்குவேன்" என்று யாரும் சொல்ல முடியாது. சாட் விஷயத்தில் நாம் தினமும் கேட்பது அதைத்தானே: "நீங்க வாட்ஸ்அப்ல இருக்கீங்களா?"

ஐஆர்சி: 1988-ல் தொடங்கிய அரட்டை

இணையத்தில் குழுவாகப் பேசுவதற்கு வந்த பழைய திறந்த நெறிமுறைகளில் புகழ்பெற்றது ஐஆர்சி. 1988 ஆகஸ்ட்டில் பின்லாந்து நாட்டின் ஓலு பல்கலைக்கழகத்தில் ஜார்க்கோ ஓய்காரினென் என்பவர் இதை எழுதினார். 1993 மே மாதம் இதன் விதிகள் ஆர்எஃப்சி 1459 என்ற பொது ஆவணமாக வெளியாகின. இன்றும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

இதில் பல சர்வர்கள் ஒன்றோடொன்று கைகோத்து ஒரு வலையமைப்பாக இருக்கும். நீங்கள் ஒரு சர்வரில் நுழைவீர்கள், நண்பர் இன்னொரு சர்வரில் நுழைவார், இருவரும் ஒரே அறையில் பேசலாம். அந்த அறைக்குச் சேனல் என்று பெயர். சேனலின் பெயருக்கு முன்னால் # குறி வரும். 2007-ல் ட்விட்டரில் ஹேஷ்டேக் என்ற யோசனை முன்வைக்கப்பட்டபோது அதற்கு முன்மாதிரியாக இருந்தது ஐஆர்சி சேனலின் இந்தக் குறிதான்.

இதற்குப் போன் நம்பர் வேண்டாம். ஒரு புனைபெயர் போதும். செயலி மிகச் சிறியது. மெதுவான இணைப்பிலும் ஓடும். லினக்ஸ் போன்ற திறந்த மென்பொருளை உருவாக்குபவர்கள் பல ஆண்டுகள் இதில்தான் கூடிப் பேசினார்கள், இன்னும் பேசுகிறார்கள்.

குறைகளும் சின்னவை இல்லை. நீங்கள் இணைப்பில் இல்லாத நேரத்தில் வந்த செய்தி உங்களுக்குக் கிடைக்காது; அடிப்படை ஐஆர்சியில் செய்தியைச் சேமித்து வைக்கும் ஏற்பாடே கிடையாது. போட்டோ, குரல் பதிவு எதையும் இன்று போல ஒரு தட்டில் அனுப்ப முடியாது. மறைகுறியாக்கம் தொடக்கத்தில் இல்லை. பிறகு போனுக்கும் சர்வருக்கும் நடுவே பாதுகாப்பு வந்தது. ஆனால் சர்வரை நடத்துபவர் நினைத்தால் செய்தியைப் பார்க்க முடியும்.

ஆயக்குடி என்று எழுத எத்தனை பைட்?

நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இன்னொரு குறையும் உண்டு. ஐஆர்சியில் ஒரு செய்தி வரிக்கு 512 பைட்தான் எல்லை. கட்டளை, சேனல் பெயர் எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்.

"ஆயக்குடி" என்ற சொல்லைப் பாருங்க. கண்ணுக்கு ஐந்து எழுத்து: ஆ, ய, க், கு, டி. கணினிக்கு அது எட்டுக் குறியீடு. காரணம், புள்ளி தனி, உகரக் குறி தனி, இகரக் குறி தனி. எட்டை மூன்றால் பெருக்கினால் 24 பைட். ஒரு ஐஆர்சி வரியில் ஆயக்குடி என்று இருபது தடவை எழுதினாலே வரி கிட்டத்தட்ட நிறைந்துவிடும்.

எஸ்எம்எஸ்-சிலும் இதே கதை. ஆங்கிலத்தில் 160 எழுத்து. தமிழில் எழுதினால் 70 குறியீடுதான். அதைத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் ஆகிவிடும். திறந்த நெறிமுறை என்றாலே எல்லாம் நமக்கு வசதியாக இருக்கும் என்று இல்லை. விதி எழுதும் இடத்தில் நம் மொழி நினைவில் இருந்ததா என்பதும் முக்கியம்.

இதற்கு மறுபக்கமும் தமிழிலேயே இருக்கிறது. 1990-களில் கணினித் தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துருக் குறியீடு இருந்தது. ஒருவர் ஓர் எழுத்துருவில் தட்டி அனுப்பினால், அதே எழுத்துரு இல்லாதவருக்கு அது புரியாத குறிகளாகத் தெரியும். டிஸ்கி, டாப், டாம் என்று பொதுக் குறியீடுகளைக் கொண்டுவர முயற்சிகள் நடந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு இதற்காகவே பேசிய முக்கியமான இடம். பிறகு உலகம் முழுக்க ஏற்ற யூனிகோடு பரவியது. 2010-ல் தமிழ்நாடு அரசும் யூனிகோடைத் தரநிலையாக ஏற்றது. இன்று நீங்கள் எந்தக் கம்பெனி போனில் "வணக்கம்" என்று தட்டினாலும் எதிரில் இருப்பவருக்கு "வணக்கம்" என்றே தெரிகிறது. எழுத்தில் நமக்குக் கிடைத்த இந்தப் பொது விதி, அதைச் சுமந்துபோகும் சாட் பாதையில் இன்னும் கிடைக்கவில்லை.

எக்ஸ்எம்பிபி: இமெயில் மாதிரி முகவரி

ஐஆர்சியின் சில குறைகளைத் தீர்க்கும் வழியோடு வந்தது ஜாப்பர். 1999 ஜனவரியில் ஜெரமி மில்லர் என்பவர் இதை அறிவித்தார். 2004-ல் இது எக்ஸ்எம்பிபி என்ற பெயரில் முறையான இணையத் தரநிலை ஆனது.

இதில் உங்கள் முகவரி இமெயில் போலவே இருக்கும்: பெயர், அட் குறி, சர்வரின் பெயர். உங்கள் கணக்கு ஒரு சர்வரில், நண்பர் கணக்கு இன்னொரு சர்வரில் இருந்தாலும் பேசலாம். இணைப்பில் இல்லாத நேரத்தில் வந்த செய்தியைச் சர்வர் வைத்திருந்து பிறகு தரும். அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய முழு மறைகுறியாக்கமும் பின்னாளில் ஓமிமோ என்ற பெயரில் இதற்கு வந்தது.

இது பெரிய அளவில் பரவும் வாய்ப்பு ஒருமுறை வந்தது. 2005 ஆகஸ்ட்டில் கூகுள் தன் கூகுள் டாக் சேவையை எக்ஸ்எம்பிபி மேல்தான் தொடங்கியது. பிரவுசிங் சென்டரில் ஜிமெயிலைத் திறந்து பக்கத்திலேயே சாட் செய்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், பச்சைப் புள்ளி தெரிந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். 2006 ஜனவரியில் வேறு சர்வர்களில் இருப்பவர்களோடும் பேசும் வசதியைக் கூகுள் திறந்துவிட்டது. ஆனால் 2013 மே மாதம் ஹேங்அவுட்ஸ் என்ற புதிய சேவைக்கு மாறியபோது அந்தக் கதவு அதில் இல்லை. 2022 ஜூனில் கூகுள் டாக் முழுவதுமாக மூடப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நெறிமுறை திறந்ததாக இருந்தாலும், பெரும்பாலான மக்கள் ஒரே நிறுவனத்தின் சர்வரில் இருந்தால், அந்த நிறுவனம் விலகும்போது மக்களும் அதோடு போய்விடுகிறார்கள். வாட்ஸ்அப் கூடத் தன் தொடக்க காலத்தில் எக்ஸ்எம்பிபி நெறிமுறையை மாற்றியமைத்துத்தான் உள்ளே பயன்படுத்தியது. ஆனால் வெளியாருக்குத் திறந்துவிடவில்லை.

அப்படியென்றால் மூடிய தளங்கள் ஏன் ஜெயித்தன?

நியாயமாகச் சொல்ல வேண்டும். அவை சும்மா ஜெயிக்கவில்லை.

முதல் காரணம் எளிமை. 2009-ல் தொடங்கிய வாட்ஸ்அப்புக்குப் பயனர் பெயர், சர்வர் பெயர் எதுவும் தேவைப்படவில்லை. போன் நம்பர்தான் கணக்கு. உங்கள் போனில் யார் நம்பர் இருக்கிறதோ அவர்களெல்லாம் தானாகத் தெரிந்தார்கள். கம்ப்யூட்டரே தொடாத பாட்டியும் பேரனுக்குக் குரல் பதிவு அனுப்ப முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் சாட்டுக்குள் கொண்டுவந்தது அந்த மைக் பொத்தான்தான்.

இரண்டாவது, போனுக்கு ஏற்ற வடிவம். சிக்னல் போய்ப் போய் வரும் இடத்திலும் செய்தி காத்திருந்து வந்து சேர்ந்தது. போட்டோ, வீடியோ, இருப்பிடம், பிடிஎஃப் எல்லாம் ஒரே இடத்தில்.

மூன்றாவது, பாதுகாப்பு. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் எல்லா உரையாடலுக்கும் முழு மறைகுறியாக்கத்தைக் கொண்டுவந்தது. நாம் எதையும் ஆன் செய்யத் தேவையில்லாமல் அது நடந்தது. திறந்த உலகத்தில் ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு சர்வரும் புதிய வசதியை ஏற்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரே நிறுவனம் என்றால் ஒரு அப்டேட்டில் எல்லோருக்கும் மாற்றிவிடலாம்.

அரசுச் சேவைகளும் மக்கள் இருக்கும் இடத்துக்கே வந்தன. 2023 மே மாதத்தில் இருந்து சென்னை மெட்ரோ பயணச்சீட்டை வாட்ஸ்அப்பிலேயே வாங்க முடிகிறது. பக்கத்து ஆந்திர அரசு 2025 ஜனவரியில் மன மித்ரா என்ற பெயரில் பல சேவைகளை வாட்ஸ்அப்பில் தொடங்கியது.

கொடுத்த விலை என்ன?

வசதி கிடைத்தது. பதிலுக்கு விதி, பாதை, முகவரி மூன்றையும் ஒரே கையில் கொடுத்துவிட்டோம். அது எப்போது தெரியும்?

தளம் மூடும்போது தெரியும். யாகூ மெசஞ்சர் ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டர் முழுக்க ஓடியது. 2018 ஜூலை 17 அன்று நிறுத்தப்பட்டது. நம் நாட்டில் உருவான ஹைக் சாட் செயலி 2021 ஜனவரியில் மூடப்பட்டது. அங்கே இருந்த நட்பு வட்டத்தை அப்படியே தூக்கி இன்னொரு செயலிக்குக் கொண்டுபோக வழி இல்லை. ஒவ்வொருவரையும் மறுபடி தேடிப் பிடிக்க வேண்டும்.

விதி மாறும்போதும் தெரியும். அலுவலகங்களில் பயன்படும் ஸ்லாக் தளத்தில் முன்பு ஐஆர்சி, எக்ஸ்எம்பிபி செயலிகள் வழியாகவும் நுழைய முடிந்தது. 2018 மே மாதம் அந்த வாசல்கள் மூடப்பட்டன. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றுவதாக அறிவித்தபோது நிறையப் பேர் சிக்னல், டெலிகிராம் போட்டுப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் பலர் திரும்பினார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும்: ஸ்கூல் குரூப், சொந்தக்காரர் குரூப், வியாபார குரூப் எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன.

இதோடு ஐஆர்சியில் நடந்த ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்க. ஃப்ரீநோட் என்பது திறந்த மென்பொருள் குழுக்கள் கூடும் மிகப் பெரிய ஐஆர்சி வலையமைப்பாக இருந்தது. 2021 மே மாதம் அதன் நிர்வாகத்தில் பிரச்சினை வந்தது. அதை நடத்திவந்த தன்னார்வலர்கள் விலகி, மே 19 அன்று லிபரா சாட் என்ற புதிய வலையமைப்பைத் தொடங்கினார்கள். உபுண்டு, விக்கிமீடியா போன்ற பெரிய குழுக்கள் அங்கே மாறின. பயனர்கள் புதிய செயலி போட வேண்டியதில்லை, புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. அதே செயலியில் சர்வர் முகவரியை மாற்றினார்கள், பெயரைப் பதிவு செய்தார்கள், பேச்சைத் தொடர்ந்தார்கள். வீட்டுக்காரர் சரியில்லை என்றால் வேறு வீட்டுக்குப் போகலாம். அதற்காகப் பேசும் மொழியையே மாற்ற வேண்டியதில்லை. திறந்த நெறிமுறையின் உண்மையான பயன் இதுதான்.

ஒரே பார்வையில்

• கணக்கு: ஐஆர்சியில் புனைபெயர், எக்ஸ்எம்பிபியில் இமெயில் போன்ற முகவரி, வாட்ஸ்அப் போன்றவற்றில் போன் நம்பர்.

• சர்வர்: முதல் இரண்டிலும் யார் வேண்டுமானாலும் நடத்தலாம், மூடிய தளத்தில் அந்த நிறுவனம் மட்டும்.

• பழைய செய்தி: ஐஆர்சியில் இணைப்பில் இருந்தால்தான் கிடைக்கும், எக்ஸ்எம்பிபியில் சர்வரைப் பொறுத்தது, வாட்ஸ்அப்பில் நம் போனிலும் பேக்கப்பிலும் இருக்கும்.

• ரகசியம்: ஐஆர்சியில் சர்வர் நடத்துபவர் பார்க்க முடியும், எக்ஸ்எம்பிபியில் ஓமிமோ ஆன் செய்தால் முழு மறைகுறியாக்கம், வாட்ஸ்அப்பில் தானாகவே முழு மறைகுறியாக்கம். ஆனால் யார், யாரோடு, எப்போது பேசினார் என்ற விவரம் மூன்றிலுமே சர்வர் பக்கம் தெரியக்கூடியது.

• இடம் மாறுவது: முதல் இரண்டிலும் அதே செயலியோடு வேறு சர்வருக்குப் போகலாம், மூடிய தளத்தில் எல்லோரும் சேர்ந்து மாறினால்தான் உண்டு.

• பழகுவது: முதல் இரண்டும் புதியவருக்குக் கொஞ்சம் சிரமம், மூடிய தளம் மிக எளிது.

மாற்றம் வருகிறதா?

மெதுவாக வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டப்படி, பெரிய சாட் தளங்கள் மற்ற செயலிகள் கேட்டால் தங்களோடு இணைய வழிவிட வேண்டும். இந்தக் கடமை 2024 மார்ச்சில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. பிரான்ஸ் அரசு தன் ஊழியர்களுக்காக, மேட்ரிக்ஸ் என்ற திறந்த நெறிமுறையில் டிசாப் என்ற சொந்த செயலியை நடத்துகிறது. நம் நாட்டில் அரசு அலுவலகப் பயன்பாட்டுக்காகத் தேசியத் தகவல் மையம் சந்தேஷ் என்ற செயலியை உருவாக்கியது. எக்ஸ்எம்பிபி நெறிமுறையில் ஓடும் ப்ராவ் என்ற இந்தியச் செயலி, பயனர்களே உறுப்பினராக இருக்கும் கூட்டுறவு முறையை நோக்கமாக வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இருந்தே வந்தது ஜோஹோவின் அரட்டை. 2021-ல் அறிமுகமாகி 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் திடீரென்று லட்சக்கணக்கானோர் அதைப் போட்டார்கள். சாட் செயலிகள் யுபிஐ, இமெயில் போல ஒன்றோடொன்று பேசக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று அப்போது ஸ்ரீதர் வேம்பு வெளிப்படையாகச் சொன்னார். ஒரு செயலிக்குப் பதில் இன்னொரு செயலி என்பதைவிட, செயலிகளுக்கு நடுவே பொதுப் பாதை என்பதுதான் பெரிய கேள்வி. அது நடக்கும்வரை நாம் என்ன செய்யலாம்?

இன்றே செய்ய வேண்டியவை

வாட்ஸ்அப்பை நீக்கச் சொல்லவில்லை. வசதியை எடுத்துக்கொள்ளுங்க, ஆனால் உங்கள் தொடர்பும் ஆவணமும் உங்கள் கையிலும் இருக்கட்டும்.

1. முக்கிய நம்பர்களைத் தனியாக எழுதி வையுங்கள். வியாபாரி, வண்டிக்காரர், பயிற்சி ஆசிரியர், சொந்தக்காரர் என்று பத்து இருபது நம்பர்களாவது போன் காண்டாக்டில் பெயரோடு சேமித்திருக்க வேண்டும். குரூப்பில் இருக்கிறாரே, அப்புறம் பார்த்துக்கலாம் என்று விடாதீங்க. ஒரு நோட்டிலும் எழுதி வைத்தால் போன் தொலைந்தாலும் கவலை இல்லை.

2. இரண்டாவது வழியை முன்கூட்டியே பேசி வையுங்கள். "வாட்ஸ்அப் நின்றால் எஸ்எம்எஸ் அனுப்புவோம்" என்று குரூப்பில் இன்றே ஒரு வரி போடுங்கள். விளைபொருள் விலைக்கு 2018-ல் வந்த தமிழ்நாடு அரசின் உழவன் செயலியையும் பார்க்கலாம். ஒரே குரூப்பில் வரும் விலையை மட்டும் நம்பி விற்க வேண்டியதில்லை.

3. சான்றிதழ்களை சாட்டில் மட்டும் வைக்காதீர்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல் எல்லாம் "எனக்கு நானே அனுப்பி வைத்திருக்கேன்" என்று பலர் சொல்வார்கள். போன் மாறும்போது பேக்கப் சரியாக இல்லையென்றால் போச்சு. டிஜிலாக்கரில் கிடைக்கும் ஆவணங்களை அங்கே எடுத்து வையுங்கள். மற்றவற்றின் நகலை வேறு ஓர் இடத்திலும் வையுங்கள்.

4. பேக்கப்புக்கும் பூட்டு போடுங்கள். செய்தி போகும் வழியில் மறைகுறியாக்கம் இருந்தாலும், கூகுள் டிரைவில் சேரும் பேக்கப்புக்கு அதை நீங்களாக ஆன் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் அமைப்புகளில் சாட்ஸ், சாட் பேக்கப் பகுதியில் அந்த வசதி உண்டு. கடவுச்சொல்லை மறக்காதீர்கள்; மறந்தால் பேக்கப்பைத் திறக்க முடியாது. முக்கியமான உரையாடலை எக்ஸ்போர்ட் சாட் வழியாகத் தனிக் கோப்பாகவும் எடுக்கலாம்.

5. ஜெராக்ஸ் கடையில் கவனம். பிரிண்ட் எடுப்பதற்காகக் கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறப்பவர்கள் உண்டு. வேலை முடிந்து கிளம்பும்போது லாக்அவுட் செய்யவில்லை என்றால், உங்கள் சாட் முழுக்க அங்கே திறந்தே கிடக்கும். இப்போதே வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பகுதியைத் திறந்து பாருங்க. உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் அதைத் தொட்டு லாக்அவுட் கொடுங்கள். பிரிண்டுக்கு பென் டிரைவ் நல்லது.

6. இரண்டடுக்குப் பாதுகாப்பை ஆன் செய்யுங்கள். டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனில் ஆறு இலக்க பின் வைத்தால், உங்கள் ஓடிபி யார் கையில் சிக்கினாலும் கணக்கை எளிதில் பறிக்க முடியாது. ஓடிபி, பின் இரண்டையும் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. அரசு அதிகாரி என்று சொன்னாலும் கூடாது.

7. அரசுச் செய்தியா என்று பாருங்கள். எஸ்எம்எஸ் பொது விதிக்குக் கட்டுப்பட்டது என்பதால், அனுப்புபவர் பெயருக்கும் ஒரு விதி இருக்கிறது. 2025 மே மாதத்தில் இருந்து அனுப்புநர் பெயரின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து வருகிறது: அரசுச் செய்திக்கு ஜி, வங்கிப் பரிவர்த்தனைக்கு டி, சேவைக்கு எஸ், விளம்பரத்துக்கு பி. வாட்ஸ்அப்பில் இந்தக் குறி கிடையாது. "உங்கள் வண்டிக்கு அபராதம்" என்று ஏபிகே கோப்பு வந்தால் திறக்காதீர்கள். அரசு இப்படி வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பி அபராதம் வசூலிப்பதில்லை.

8. பணம் போய்விட்டால் தாமதிக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்; தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்த பிறகே அந்த சாட்டை நீக்குங்கள்.

ஒரு சின்னப் பயிற்சி

இந்த நான்கு கேள்விக்கும் உங்கள் பதிலைச் சொல்லிப் பாருங்க.

• இன்று மாலை வாட்ஸ்அப் ஆறு மணி நேரம் நின்றால், நீங்கள் கட்டாயம் பேச வேண்டிய ஐந்து பேரின் நம்பர் வேறு எங்காவது இருக்கிறதா?

• நீங்கள் சேர்ந்திருக்கும் முக்கியமான குரூப்புக்கு ஒரே அட்மின்தானா? அவர் போன் தொலைந்தால் அடுத்து யார்?

• உங்கள் சான்றிதழ்களின் ஒரே நகல் சாட்டுக்குள் மட்டும் இருக்கிறதா?

• உங்கள் கணக்கு இப்போது எத்தனைக் கருவிகளில் திறந்திருக்கிறது?

நான்கிலும் தயங்காமல் பதில் வந்தால், எந்தச் செயலி வந்தாலும் போனாலும் உங்கள் பேச்சு நிற்காது. ஏதாவது ஒன்றில் தயக்கம் இருந்தால், இந்தப் பக்கத்தை மூடியதும் முதல் வேலையாக அதைச் சரிசெய்யுங்கள். அதிகபட்சம் பத்து நிமிடம்தான் ஆகும். வீட்டில் பெரியவர்கள் போன் வைத்திருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அவர்களுக்கும் செய்து கொடுங்கள்.